பல்கலைக்கழக வைஃபை: யார் யாரைச் சோதிப்பது?

மாணவர்களே, உங்கள் அக்காவோ அண்ணனோ அண்மையில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தால், முதல் வாரத்தில் வீட்டுக்குப் பேசியபோது இப்படிச் சொல்லியிருக்கலாம்: "எல்லாம் நல்லா இருக்கு, அம்மா. இந்த வைஃபைதான் கிடைக்க மாட்டேங்குது."

வீட்டில் வைஃபை இணைப்பது எளிது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைத் தட்டினால் போதும். பல்கலைக்கழகத்தில் கதை வேறு. பயனர்பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும். 'ஈஏபி முறை எது? டொமைன் என்ன? எந்தச் சான்றிதழைப் பயன்படுத்துவது?' என்று புரியாத கேள்விகளையும் அடுக்கும். கடைசியில் ஒரு சான்றிதழைத் திரையில் காட்டி, 'இதை நம்புகிறீர்களா?' என்றும் கேட்கும். விரிவுரைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பலரும் 'நம்புகிறேன்' என்பதைத் தட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. யோசிக்காமல் பதில் சொன்னால், மின்னஞ்சல், பாடக் கோப்புகள், தேர்வு முடிவுகள் ஆகியவற்றைத் திறக்கும் கடவுச்சொல்லே வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும். எஸ்பிஎம் முடித்து இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் அந்தத் திரையின் முன் நிற்கப் போகிறீர்கள். அந்தக் கேள்விகளுக்கு என்ன பொருள் என்று இப்போதே தெரிந்துகொள்வோம்.

ஒரே சாவி ஏன் போதாது?

வீட்டில் நான்கைந்து பேர் இருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். வாசல் கதவுக்கு ஒரே சாவியை வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பது போன்றது இது. பெரிய பல்கலைக்கழகத்திலோ பல்லாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். அங்கே ஒரே சாவியைக் கொடுத்தால் இரண்டு சிக்கல்கள் எழும்.

முதலாவது, ஒருவர் படிப்பை முடித்துப் போகும்போது அவரிடமிருந்து மட்டும் சாவியைத் திரும்பப் பெற முடியாது. பூட்டையே மாற்றி, மற்ற அனைவருக்கும் புதிய சாவி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. வைஃபை என்பது வானொலி அலை. உங்கள் மடிக்கணினி அனுப்பும் செய்தி, கூரையில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. அது எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் கணினியும் அதைப் பிடிக்கலாம். அதனால்தான் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது திறவுகோல் இல்லாதவருக்குப் புரியாதபடி மாற்றப்படுகின்றன. வீடுகளில் பரவலாகப் பயன்படும் டபிள்யூபிஏ2 முறையில், ஒவ்வொரு கருவிக்குமான திறவுகோல் அந்தப் பொதுக் கடவுச்சொல்லிலிருந்துதான் உருவாகிறது. ஆகவே, அந்தக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், நீங்கள் இணையும் தருணத்தில் பறக்கும் சில செய்திகளைப் பிடித்துவிட்டால், உங்கள் திறவுகோலையும் கணக்கிட்டுவிடலாம். வீட்டில் இது பெரிய கவலையில்லை. முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் கவலைதான்.

எனவே பல்கலைக்கழகங்கள் வேறு வழியைப் பின்பற்றுகின்றன. மாணவர் விடுதியில் அறைக்கு ஒரு சாவி இருப்பது போல, ஆளுக்கு ஒரு பயனர்பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல். ஒவ்வொரு முறை இணையும்போதும் உங்களுக்கென்று தனித் திறவுகோல் ஒன்று புதிதாக உருவாகும். பக்கத்து நாற்காலிக்காரரும் அதே கட்டமைப்பில்தான் இருப்பார். ஆனாலும் உங்கள் செய்தியை அவரால் படிக்க முடியாது.

வாசலில் மூன்று பேர்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விருந்தினராகப் போயிருப்பீர்கள். வாசலில் காவலர் நிறுத்துவார். "எந்த வீடு? என்ன பெயர்?" என்று கேட்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. உள்ளே அழைத்து, வீட்டுக்காரரிடம் கேட்பார். "ஆமாம், வரச் சொல்லுங்கள்" என்று பதில் வந்த பிறகே தடுப்புக் கம்பி மேலே போகும்.

பல்கலைக்கழக வைஃபையும் இப்படித்தான் இயங்குகிறது. 2001ஆம் ஆண்டு வெளியான '802.1எக்ஸ்' என்ற தொழில்நுட்பத் தரம் இதற்கான விதிகளை வகுத்தது. அதில் மூன்று பேர் உண்டு. உள்ளே வரக் கேட்பது உங்கள் மடிக்கணினி. வாசல் காவலர், கூரையில் இருக்கும் வெள்ளைப் பெட்டி. வீட்டுக்காரர், பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இருக்கும் சேவையகம். 'ரேடியஸ் சேவையகம்' என்று இதைச் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூரைப் பெட்டிக்கு உங்கள் கடவுச்சொல் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சேவையகம் 'சரி' என்று சொல்லும் வரை, உங்களை அடையாளம் காணத் தேவையான செய்திகளை மட்டும் அது இரு பக்கமும் கடத்தும். வேறு எதையும் உள்ளே விடாது. இணையப் பக்கம் ஒன்றுகூட அதுவரை திறக்காது.

கடவுச்சொல்லைச் சொல்லாமலேயே நிரூபிப்பது

சேவையகம் உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். ஆனால், காற்றில் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பினால் யாரும் பிடித்துவிடலாம். என்ன செய்வது?

நண்பர் ஒருவரோடு இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசிய எண் 47 என்று வைத்துக்கொள்வோம். நண்பர் உங்களிடம் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார், 13 என்று. நீங்கள் மனத்துக்குள் 47-ஐ 13-ஆல் பெருக்குகிறீர்கள். விடை 611. அதன் கடைசி இரண்டு இலக்கமான 11-ஐ மட்டும் சொல்கிறீர்கள். நண்பரும் அதையே கணக்கிட்டு, 'சரி, இவருக்கு இரகசியம் தெரியும்' என்று முடிவு செய்கிறார். நாளை அவர் 29 என்று கேட்டால், உங்கள் பதில் 63. இன்றைய பதிலை ஒட்டுக்கேட்டவருக்கு நாளை அது உதவாது. 47 என்ற எண்ணை நீங்கள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அருமையான உத்திதான். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. 13 என்ற கேள்வியையும் 11 என்ற பதிலையும் கேட்ட ஒருவர் வீட்டுக்குப் போய், 00 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணாக 13-ஆல் பெருக்கிப் பார்க்கிறார். கடைசி இரண்டு இலக்கம் 11 ஆக வருவது ஒரே ஓர் எண்ணுக்குத்தான். அது 47. நூறு கணக்குகளில் இரகசியம் வெளியாகிவிட்டது.

பல பல்கலைக்கழகங்களில் பயன்படும் 'எம்எஸ்-சாப் வி2' என்ற முறையும் இதே கேள்வி-பதில் வகையைச் சேர்ந்தது. அதன் கணக்கு நம் விளையாட்டைவிட மிகக் கடினமானது. தேடிப் பார்க்க வேண்டிய எண்கள் நூறல்ல, 2-இன் 56ஆம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 72,000 டிரில்லியன். பாதுகாப்பாகத் தோன்றுகிறது, இல்லையா? 2012ஆம் ஆண்டு மோக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்ட்டன் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், இதற்கென்றே அமைத்த ஒரு கணினியால் அத்தனை எண்களையும் ஒரே நாளுக்குள் சோதித்துவிட முடியும் என்று அமெரிக்காவில் நடந்த 'டெஃப்கான்' மாநாட்டில் காட்டினார்கள். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தத் தேடலின் அளவு கூடாது. தேடலின் முடிவில் கிடைப்பது கடவுச்சொல் அல்ல, அதிலிருந்து உருவாகும் இரகசிய எண். ஆனால் இந்த முறையைப் பொறுத்தவரை, அது கையில் இருந்தால் கடவுச்சொல்லே கையில் இருப்பதற்குச் சமம்.

ஆக, கேள்வியும் பதிலும்கூட வெளியாள் காதில் விழக்கூடாது. அதற்கு ஒரு மூடிய சுரங்கப்பாதை வேண்டும்.

சுரங்கத்தின் மறுமுனையில் யார்?

உங்கள் மடிக்கணினி முதலில் சேவையகத்தோடு மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சுரங்கத்தை அமைக்கிறது. அதற்குள்தான் கேள்வியும் பதிலும் போய் வருகின்றன. அமைப்புப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் 'பீப்', 'டிடிஎல்எஸ்' போன்ற பெயர்கள் இந்தச் சுரங்க முறைகளின் பெயர்கள். வெளியே நிற்பவருக்கு உள்ளே ஓடுவது தெரியாது. கூரைப் பெட்டிக்கும் தெரியாது.

ஆனால் சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் பல்கலைக்கழகம்தானா? திருடனோடு சேர்ந்து சுரங்கம் வெட்டினால், அது எவ்வளவு உறுதியான சுரங்கமாக இருந்து என்ன பயன்?

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒருவர் பையில் சிறிய வைஃபை கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் அமர்கிறார். தம் கருவிக்குப் பல்கலைக்கழகக் கட்டமைப்பின் பெயரையே சூட்டுகிறார். வைஃபை பெயர் என்பது அதிகபட்சம் 32 பைட்டுகள் கொண்ட வெறும் எழுத்துத் தொடர். யாரும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. உங்கள் கைப்பேசி பழக்கப்பட்ட பெயரைப் பார்த்ததும், சட்டைப் பையில் இருந்தபடியே இணையப் பார்க்கும். இந்தப் போலிக் கட்டமைப்பைப் 'போலி இரட்டை' எனலாம். உங்கள் கைப்பேசி அதோடு சுரங்கம் அமைத்துவிட்டால், நீங்கள் சொல்லும் பதில் நேராக அவர் கைக்குப் போகும். சில பல்கலைக்கழகங்களின் முறையில், சுரங்கத்துக்குள் கடவுச்சொல்லே அப்படியே அனுப்பப்படுகிறது. அங்கே அவர் 72,000 டிரில்லியன் எண்களைத் தேடக்கூட வேண்டாம்.

ஆகவே வாசலில் நடப்பது ஒருவழிச் சோதனையாக இருக்கக்கூடாது. பல்கலைக்கழகம் உங்களைச் சோதிக்கும் முன்பு, நீங்கள் பல்கலைக்கழகத்தைச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்குத்தான் சான்றிதழ். 'இந்தப் பொதுத் திறவுகோல் இன்ன பெயருள்ள சேவையகத்துக்கு உரியது' என்று எழுதி, நம்பகமான ஒரு சான்றளிப்பு அமைப்பு இலக்கமுறைக் கையொப்பமிட்ட ஆவணம் அது. அந்தப் பொதுத் திறவுகோலுக்கு இணையான இரகசியத் திறவுகோல் ஒன்று சேவையகத்திடம் மட்டுமே இருக்கும். போலிக்காரர் சான்றிதழை நகலெடுக்கலாம். ஆனால் இரகசியத் திறவுகோல் இல்லாததால் அது தம்முடையது என்று நிரூபிக்க அவரால் முடியாது.

சரி, அவர் தம் சொந்தச் சான்றிதழையே காட்டினால்? இங்கேதான் 'டொமைன் என்ன?' என்ற கேள்விக்குப் பொருள் விளங்கும். சான்றளிப்பு அமைப்பிடம் யாரும் தம் சொந்த இணைய முகவரிக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம். அதில் கையொப்பம் சரியாக இருக்கும், ஆனால் பெயர் வேறாக இருக்கும். இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது முகவரியை நீங்களே தட்டுகிறீர்கள். எனவே, உலாவி அந்த முகவரியைச் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுக்கொள்ளும். வைஃபையில் அப்படி முகவரி எதுவும் நீங்கள் தட்டுவதில்லை. எந்தப் பெயரை எதிர்பார்க்க வேண்டும் என்று கருவிக்கு முன்கூட்டியே யாராவது சொல்லிவைக்க வேண்டும். 'டொமைன்' கட்டத்தில் அதைத்தான் சொல்கிறீர்கள்.

எனவே, சோதிக்க வேண்டியவை இரண்டு: யார் கையொப்பமிட்டது, யார் பெயருக்குக் கையொப்பமிட்டது. 'சான்றிதழைச் சோதிக்க வேண்டாம்' என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு என்னவோ உடனே கிடைத்துவிடும். ஆனால் வாசலில் நின்று, கேட்பவர் எவருக்கும் சாவியை நீட்டுகிறோம் என்று பொருள். இந்த ஆபத்தின் காரணமாகவே புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அந்தத் தெரிவு நீக்கப்பட்டுள்ளது.

கோலாலம்பூரில் பயனர்பெயர், சிங்கப்பூரில் வைஃபை

இவ்வளவு கவனமாக அமைத்த பிறகு ஓர் அருமையான பயன் கிடைக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கருத்தரங்குக்காகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அங்கே போய் மடிக்கணினியைத் திறந்தால், யாரிடமும் எதுவும் கேட்காமல் வைஃபை தானாக இணைந்துவிடுகிறது. காரணம், இரண்டு பல்கலைக்கழகங்களும் 'எடுரோம்' என்ற உலகளாவிய ஏற்பாட்டில் உறுப்பினர்கள்.

2002ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் 'சர்ஃப்நெட்' ஆய்வுக் கட்டமைப்பில் பணியாற்றிய கிளாஸ் வியரெங்கா முன்வைத்த யோசனை இது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது.

இது எப்படி நடக்கிறது? பயனர்பெயரில் '@' குறிக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் முகவரி இருக்கும். சிங்கப்பூர்ச் சேவையகம் அதைப் பார்த்து, 'இவர் நம் மாணவர் அல்லர்' என்று அறிகிறது. உடனே அந்த நாட்டின் எடுரோம் மையத்துக்குக் கேள்வியை அனுப்புகிறது. மலேசிய முகவரி என்பதால், அது வட்டார மையம் வழியாக மலேசிய மையத்துக்கும், அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேர்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் 'ஆம், எங்கள் மாணவிதான்' என்று சொன்னதும், அதே வழியில் பதில் திரும்புகிறது. வழக்கமாகச் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

வழியில் இத்தனை பேர் கை மாறுகிறதே, கடவுச்சொல் பாதுகாப்பாக இருக்குமா? இருக்கும். சுரங்கம் மாணவியின் மடிக்கணினிக்கும் மலாயாப் பல்கலைக்கழகச் சேவையகத்துக்கும் இடையே ஓடுகிறது. நடுவில் இருப்பவர்கள் ஒட்டிய உறையைக் கைமாற்றும் தபால்காரர்கள் மட்டுமே. உறையின் மேல் இருக்கும் ஊர்ப் பெயரைத்தான் படிப்பார்கள், உள்ளே இருப்பதை அல்ல. அமைப்புப் பக்கத்தில் 'அநாமதேய அடையாளம்' என்ற கட்டத்தைக் கண்டால் குழம்பாதீர்கள். உறையின் மேல் உங்கள் சொந்தப் பெயரைக்கூட எழுதாமல், ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவதற்கான இடம் அது.

மறுமுனையில் இருப்பவர் யார் என்று மாணவியின் மடிக்கணினி சோதிப்பதால்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது. தெரியாத ஊரில், தெரியாத கூரைப் பெட்டியை அவர் நம்ப வேண்டியதில்லை. தம் பல்கலைக்கழகத்தின் சான்றிதழை நம்பினால் போதும்.

உங்கள் முறை வரும்போது

பல்கலைக்கழகத்தில் சேரும் நாளில் இந்த ஐந்தையும் நினைவில் வையுங்கள்.

1. வளாகத்துக்குப் போகும் முன்பே, வீட்டு இணையத்தில் இருந்தபடி, பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு தரும் அமைப்புக் கோப்பையோ செயலியையோ பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சரியான சான்றிதழும் பெயரும் அதில் ஏற்கெனவே இருக்கும்.

2. அமைப்புக் கோப்பு இல்லாமல் இணைய நேர்ந்தால், திரையில் தோன்றும் சேவையகப் பெயரைப் பல்கலைக்கழகம் அறிவித்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் இணைய வேண்டாம்.

3. மடிக்கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கி இருந்தால், நல்ல சான்றிதழையும் கணினி ஏற்காது.

4. கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாக் கருவிகளிலும் மாற்றுங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசி பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயன்று, உங்கள் கணக்கையே முடக்கிவிடக்கூடும்.

5. ஏற்கெனவே நன்றாக இணைந்துகொண்டிருந்த கருவி, ஒருநாள் திடீரென்று 'இந்தச் சான்றிதழை நம்புகிறீர்களா?' என்று கேட்டால் நிறுத்துங்கள். பல்கலைக்கழகம் சான்றிதழைப் புதுப்பித்திருக்கலாம். போலி இரட்டையாகவும் இருக்கலாம். கைப்பேசித் தரவில் இணைந்து பல்கலைக்கழக அறிவிப்பைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வைஃபைக்கு அப்பாலும் இந்தப் பாடம் உதவும். "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் டிஏசி எண்ணைச் சொல்லுங்கள்" என்று தாத்தாவுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அழைப்பவர் தாத்தாவின் அடையாளத்தைக் கேட்கிறார், தம் அடையாளத்தை நிரூபிக்கவில்லை. போலிக் கூரைப் பெட்டி செய்வதும் இதையேதான். 'நீ யார்?' என்று எவராவது கேட்டால், 'முதலில் நீங்கள் யார் என்று காட்டுங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை மரியாதைக் குறைவாக நல்ல கட்டமைப்பும் எடுத்துக்கொள்ளாது, நல்ல வங்கியும் எடுத்துக்கொள்ளாது.

சிந்தித்துப் பாருங்கள்

1. மேலே சொன்ன விளையாட்டில், கேட்ட எண் 17, சொன்ன பதில் 91. இரகசிய எண் என்ன?

2. கேட்கும் எண் 17-க்குப் பதிலாக 10 என்றால், ஒட்டுக்கேட்பவரால் இரகசிய எண்ணை ஒரே எண்ணாகக் கண்டுபிடிக்க முடியுமா? ஏன்?

3. நீளமான கடவுச்சொல் வைத்திருக்கும் ஒருவர், சான்றிதழைச் சோதிக்காமல் இணைகிறார். அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா? காரணம் கூறுக.

(முதல் கேள்விக்கான விடை: 23. மற்ற இரண்டையும் வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.)